கோடிப்புறத்துப் பிராணிகளும் எங்கள் பிள்ளைகளும்

மீள்குடியேற்றப் படிவங்களை நிரப்பி நிரப்பி எங்கள் எல்லோருக்கும் கை பழகிவிட்டது. வீடு உண்டா, கிணறு உண்டா, மலசலகூடம் உண்டா, வேலி அடைத்தாயிற்றா, விதைநெல் கிடைத்ததா, மண்வெட்டி கிடைத்ததா என்று கட்டம் கட்டமாகக் கேட்பார்கள். அந்தக் காணியில் என்னென்ன பிராணிகள் கிடக்கின்றன, எது கடிக்கும், எது கடிக்காது, முதல் மழைக்கு எது வெளியில் வரும் என்பதெல்லாம் வீட்டிலுள்ள பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்கும் கட்டத்தை மட்டும் நான் ஒரு படிவத்திலும் காணவில்லை. அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால், பெரும்பாலான குடும்பங்கள் அதற்கு நேரே 'இல்லை' என்றுதான் எழுதவேண்டி இருந்திருக்கும். இது சின்ன விடயம் என்று சிலர் நினைக்கலாம். கமம் செய்து பிழைக்கிற குடும்பத்துக்கு இது சின்ன விடயமல்ல என்பதே என் எண்ணம்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எங்கள் குடும்பம் வெளிக்கிட்டபோது எனக்கு எட்டு வயது. அதற்குள் அப்பு எனக்குச் சாரைக்கும் நாகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டித் தந்துவிட்டார். வைக்கற்போரைக் கையால் கிளறக்கூடாது, தடியால் தட்டிவிட்டுத்தான் இழுக்கவேண்டும் என்பதும் அவரிடம் படித்ததே. என் தம்பிக்கு அப்போது இரண்டு வயது. அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வளவும் இருக்கவில்லை, கொஞ்சக் காலத்தில் அப்புவும் இருக்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தார்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நடந்தது. 2009 இல் மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய சனங்கள் செட்டிகுளத்திலும் மற்ற இடங்களிலும் முட்கம்பிக்குள் இருந்தார்கள். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. இந்தக் காலம் முழுவதும் பிறந்த பிள்ளைகளுக்குப் பிராணிகளைப் பற்றிக் கிடைத்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: கண்டால் அடி.

அந்தப் பாடத்தை நான் குறை சொல்லவில்லை. காட்டை டோசர் போட்டு வழித்து, அந்த வெறும் நிலத்தில் தறப்பாள் கட்டி, ஒரு பாயில் ஆறு பேர் படுத்துக் கிடக்கும்போது உள்ளே வந்த பாம்பை நின்று பார்த்து இனம் பிரிக்க முடியாது. அங்கே அது நியாயம். ஆனால் முகாமில் படித்ததை வளவுக்கும் கொண்டுவந்துவிட்டோம். அன்று முகாமில் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன்மார். இருபது, இருபத்தைந்து வருடம் பற்றைக்காடாகக் கிடந்த காணிக்குத் திரும்பி, ஓணானையும் அடித்து, அரணையையும் அடித்து, சாரையையும் அடித்து வேலியில் தொங்கவிடுகிறார்கள். வலிகாமம் வடக்கின் காணிகள் இன்னும் முழுவதும் விடப்படவில்லை. விடப்பட்ட இடங்களில் நான் கண்டது இதுதான்.

பூசை முடிந்து வெளியில் வந்தால் தாய்மார் என்னிடம் வைக்கிற முறைப்பாடு வேறு மாதிரி இருக்கும். "பாதர், இவன் சோப்புப் பெட்டிக்குள்ள தவளை வைச்சிருக்கிறான், ஒருக்காக் கூப்பிட்டு ஏசுங்கோ." நான் ஏசுவதில்லை. என்ன தவளை என்று கேட்பேன். அந்தப் பையனின் முகத்தில் உடனே ஒரு மாற்றம் தெரியும், ஏனென்றால் அதுவரை ஒருவரும் அவனிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். தாய்க்கு என்மேல் கொஞ்சம் கோபம் வரும். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு விடயம். பிள்ளைகளைக் கோடிப்புறத்துக்கு விடலாம் என்று நான் சொல்லும்போது, மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியை மட்டுமே சொல்கிறேன். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. வெடிகளை முற்றாக அகற்றுவதற்கு அப்போது கிடைத்த தவணை 2028 ஜூன். ஆகவே வேலை முடிந்துவிட்டது என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் தவளையும் இல்லை, உடும்பும் இல்லை என்று பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும். உடும்பைத் துரத்திக்கொண்டு நாய் ஓடும், நாயைத் துரத்திக்கொண்டு பிள்ளை ஓடும். எல்லைப் பலகை ஓடுகிற பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது.

இனித் தவளைக்கு வருவோம். ஒரு வளவில் பிள்ளைகளோடு தொடங்குவதற்குத் தவளையை விட நல்ல பிராணி கிடையாது. காலபோகத்து முதல் பெருமழை பெய்த இரவில் எங்கள் பக்கங்களில் எழும்புகிற சத்தத்தை அறியாதவர் இல்லை. மாரித்தவளை மாதிரிக் கத்தாதே என்று பிள்ளைகளைப் பேசுகிறோமே, அந்தத் தவளை கோடை முழுவதும் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, ஈரம் இறங்கியதும் மேலே வருவது. கத்துவது ஆண். தொண்டைக்கடியில் உள்ள பையை ஊதி ஊதிப் பெண்ணைக் கூப்பிடுகிறது. ஒரு டோர்ச் லைட்டும் காலில் நல்ல சப்பாத்தும் ஒரு பெரியவரும் துணைக்கு இருந்தால், வீட்டிலிருந்து இருபது அடிக்குள்ளேயே நாலைந்து வகைத் தவளைகளைப் பிள்ளை எண்ணிவிடும்.

கிணற்றடித் தொட்டியில் வெள்ளை நுரை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். யாரோ சவர்க்கார நுரையை விட்டுவிட்டுப் போனார்கள் என்று தேங்காய்ப் பொச்சால் உரஞ்சிக் கழுவிவிடுவார்கள். அது மரத்தவளையின் கூடு. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே, வெளிறிய மண்ணிறத்தில், விரல் நுனிகள் உருண்டையாய், அந்தத் தவளை. தண்ணீருக்கு மேலே சுவரிலோ இலையிலோ பின்னங்காலால் நுரையை அடித்து அதற்குள் முட்டை இடும். சில நாளில் வாற்பேத்தைகள் நுரையை விட்டு வழுகிக் கீழே தண்ணீரில் விழும். இதை ஒரு கிழமை கழுவாமல் விட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொன்ன வீட்டில், அந்தப் பிள்ளைகள் விடிந்ததும் முகம் கழுவ முன்னர் தொட்டியடிக்கு ஓடினார்கள். தொட்டியின் ஒரு மூலையை ஒரு கிழமைக்குத் தவளைக்கு விட்டுக்கொடுத்தால் எங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

சொறித்தவளையின் முட்டை வேறு விதம். மணி கோத்த நூல் போல, கறுப்புப் புள்ளிகள் வரிசையாய், நீளமாய்த் தண்ணீரில் கிடக்கும். அதில் ஒரு சாண் அளவை ஒரு பழைய கண்ணாடிப் போத்தலில், கிணற்றுத் தண்ணீரில் அல்லாமல் அது கிடந்த குட்டைத் தண்ணீரிலேயே போட்டு நிழலில் வைத்தால், வாற்பேத்தை பொரிப்பதையும் அது பாசியை அரித்துத் தின்பதையும் காணலாம். பின்னங்கால் முதலில் வரும், பிறகு முன்னங்கால், பிறகு வால் சுருங்கும். கால் வந்ததும் ஏறி இருக்க ஒரு கல் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் தாண்டுபோகும். பிறகு எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடவேண்டும். விஞ்ஞானப் புத்தகத்தில் ஈரூடகவாழி என்ற சொல்லை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, அந்தச் சொல்லின் பொருள் இந்தப் போத்தலுக்குள் இருக்கிறது. சொறித்தவளையைத் தொட்டால் சொறி வராது. ஆனால் அதன் கண்ணுக்குப் பின்னாலுள்ள வீக்கத்தில் வெள்ளைப் பால் போன்ற நஞ்சு உண்டு. அதைக் கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளுவது அதனால்தான். தொட்ட பிள்ளை கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும்.

முதல் மழைக்கு வருகிற இன்னொன்று உண்டு. உருண்டைத் தவளை, கடும் மண்ணிற முதுகில் செம்மஞ்சள் திட்டுக்கள், தொட்டால் உடம்பை ஊதிக்கொள்ளும், தோலில் பிசின் மாதிரி ஒன்று கசியும். எங்கள் பகுதியில் பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் சொன்னார்கள், சிலர் பெயரே சொல்லவில்லை. பிள்ளைகள் அதற்குச் சாயத்தவளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது.

தேரை பற்றியும் ஒரு சொல். மெலிந்து, வயிறு முன்தள்ளி, கால் கை சூம்பிய குழந்தையைத் தேரை மோந்த பிள்ளை என்று சொல்லி நூல் கட்டுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. கோம்பையாய்ப் போன தேங்காய்க்கும் தேரைதான் குற்றவாளி. தென்னையின் குறைகளுக்குக் காரணம் பூச்சி, உண்ணி, பசளைப் பற்றாக்குறை என்று வேறு வேறாக இருக்கும். பிள்ளைக்கோ சாப்பாடு போதவில்லை, அல்லது வயிற்றில் பூச்சி, அல்லது வேறு நோய். நிவாரண அரிசியும் பருப்பும் மட்டுமே மாதக்கணக்கில் தின்ற பிள்ளைகள் மெலிந்ததற்கு ஒரு தேரையையும் குற்றம் சொல்ல முடியாது. குடும்பநல மாதுவிடம் கொண்டுபோய் நிறை பார்ப்பதே முதல் வேலை.

தவளையால் கமக்காரனுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அயல் நாட்டுக் கதை ஒன்று உண்டு. இந்தியாவின் வயல்களில் பிடித்த தவளைகளின் கால்கள் 1980களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான தொன்னாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகின. தவளை போன வயலில் பூச்சி பெருகும், பூச்சிக்கு மருந்து வாங்கக் காசு வேண்டும் என்ற பேச்சு அங்கே வலுத்தது. 1987 இல் அந்த நாடு ஏற்றுமதியைத் தடை செய்தது. நாங்கள் தவளைக்கால் விற்கவில்லை. மருந்தடிக்கும் மெசினைக் குளத்தில் கழுவி, போத்தலையும் வாய்க்காலில் எறிந்துவிட்டு வருகிறோம். தவளையின் தோல் தண்ணீரைக் குடிக்கிற தோல். தண்ணீரில் உள்ளதெல்லாம் அதன் உடம்புக்குள் போகும். மருந்தே அடிக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. 2021 இல் பசளையையும் மருந்தையும் திடீரென்று நிறுத்தியபோது கமக்காரர் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று கண்டவன் நான். மெசினைக் குளத்திலும் வாய்க்காலிலும் கழுவாமல் இருப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை, அதையாவது செய்யலாம் என்றுதான் கேட்கிறேன்.

பல்லி, ஓணான், அரணை மூன்றும் வீட்டோடு வாழ்பவை. பல்லி சொல்வதற்குச் சாத்திரம் பார்ப்பவர்கள்கூட அதை அடிப்பதில்லை, அந்த அளவில் நல்லது. அரணை கடித்தால் மரணம் என்று சொல்வார்கள். எதுகை நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. இலங்கையில் நஞ்சுள்ள பல்லி இனம் ஒன்றுமே கிடையாது. அரணையும் அப்படியே, ஓணானும் அப்படியே. ஆண் ஓணானின் தலையும் தோளும் சிவப்பது இணை தேடுகிற காலத்தில். தூரத்திலிருந்து எங்கள் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்ற கதையைப் பொடியங்களுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள், அதனால் ஈர்க்கில் தடம் போட்டுப் பிடித்துச் சித்திரவதை செய்கிறார்கள். ஒரு பெண் ஓணான் இறங்கி வந்து ஈர மண்ணைக் கிண்டி, முட்டை இட்டு, மண்ணை மூடித் தலையால் தட்டி இறுக்குவதை இந்தப் பொடியங்கள் ஒரு தரம் இருந்து பார்த்தால் தடம் போடக் கை வராது. ஒன்றரை மாதமளவில் குஞ்சுகள் வெளிவரும். அந்த இடத்துக்கு ஒரு தடியை நட்டு அடையாளம் வைத்து நாளை எண்ணலாம்.

உடும்பு இறைச்சியைப் பற்றி எழுதினால் சிலருக்குப் பிடிக்காது. இடப்பெயர்வில் கிடைத்ததைத் தின்று உயிர் பிழைத்தோம், அதை யாரும் பழிக்க முடியாது. இன்று ஒரு கோழி வாங்க வசதி உள்ளவர் நாயை விட்டு உடும்பு பிடிப்பது வேறு. உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. நட்சத்திர ஆமையும் அவ்வாறே. அந்த ஆமையைக் களவாகக் கடல் கடத்துவோரைப் பிடித்த செய்திகளைப் பத்திரிகையில் அடிக்கடி வாசிக்கிறோம். 2019 இல் அதன் சர்வதேச வியாபாரத்துக்கு உலக நாடுகள் முற்றாகத் தடை போட்டன. ஆமை பிடித்துத் தந்தால் காசு தருகிறேன் என்று பிள்ளைகளிடம் யாராவது கேட்டால், அந்த ஆளைப் பற்றி உடனே பெரியவர்களிடம் சொல்லும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ஆமைக்காகப் பிள்ளையைத் தேடி வருகிறவன் வேறு எதற்காகவும் வரக்கூடியவன். பிள்ளை ஆமையைக் கண்டால் ஓட்டிலுள்ள நட்சத்திரங்களை எண்ணட்டும், கொப்பியில் கீறட்டும், பிறகு கண்ட இடத்திலேயே விடட்டும்.

பாம்புக்கு வந்தால் என் பேச்சு மாறும். தவளையைத் தொடலாம், ஓணானைக் கிட்ட நின்று பார்க்கலாம். பாம்பை ஒரு பிள்ளையும் தொடக்கூடாது, நஞ்சில்லாதது என்று தெரிந்தாலும் தொடக்கூடாது. எட்டடி விரியனைப் போலவே கறுப்பில் வெள்ளை வரி போட்ட நஞ்சில்லாத ஒரு சிறு பாம்பு வீட்டுச் சுவர்களில் பல்லி தேடி ஏறும். இரண்டையும் பிரித்தறியப் பழகியவர்களே தடுமாறுவார்கள். ஆனால் தொடாமல் இருப்பதற்கும் அறியாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இலங்கையில் கடற்பாம்புகளோடு சேர்த்து நூறுக்கு மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. எங்கள் உலர்வலயத்து வயலிலும் வளவிலும் உயிராபத்துக்கு முக்கிய காரணமாக உள்ளவை நாகம், கண்ணாடிப் புடையன், எட்டடி விரியன். மணற்பாங்கான கரையோரங்களில் சுருட்டையும் உண்டு, செதிலோடு செதிலை உரஞ்சிச் சத்தமிடும். இந்த நாலையும் பத்து வயதுப் பிள்ளைக்குப் படத்தில் காட்டிப் பழக்கிவிட முடியும்.

2012, 2013 ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் மாதிரிக் குடும்பங்களிடம் கேட்டுச் செய்த ஆய்வொன்று, இலங்கையில் ஆண்டுக்கு 80,000 பேரளவில் பாம்புக் கடிக்கு உள்ளாகிறார்கள் என்றும், 30,000 பேரளவில் நஞ்சு ஏறுகிறது என்றும், 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. அரைவாசிக்கு மேற்பட்ட கடிகளில் நஞ்சே ஏறவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. பரியாரியாரின் பச்சிலையும் விஷக்கல்லும் பெயர் எடுத்தது இந்தக் கடிகளால்தான். நஞ்சு ஏறாதவனுக்கு எதைக் கட்டினாலும் சுகம் வரும்.

எட்டடி விரியனைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இரவில் திரிகிற பாம்பு இது. வெறும் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களை நித்திரையில் கடிக்கும். நோவு பெரிதாக இராது, வீக்கமும் இராது, பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். விடியப்புறம் பிள்ளை எழும்பி வயிற்றுக்குத்து என்று அழும், சத்தி எடுக்கும், கண்மடல் பாரமாகிக் கீழே விழும், பேச்சுக் குழறும். வாய்வு என்று சொல்லி இஞ்சி அவித்துக் கொடுத்துக்கொண்டு நேரத்தைப் போக்கினால் மூச்சுத் தசை செயலிழந்துவிடும். நிலத்தில் படுத்த பிள்ளைக்கு இந்தக் குணங்கள் கண்டால், பாம்பை ஒருவரும் காணாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். கட்டில் இல்லாதவர்கள் நுளம்பு வலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிப் படுத்தால் நுளம்புக்கும் பாம்புக்கும் ஒரே காவல்.

கடித்த இடத்தை வெட்டுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் கெடுதி. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் தடி வைத்து இலேசாகக் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போகவேண்டும். மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிடவேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை, அந்த முயற்சியில் இன்னொருவருக்கும் கடி விழும். தூர நின்று கைத்தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் டொக்டருக்கு உதவி. எதிர்நஞ்சு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். அது இந்தியாவில் செய்யப்படுவது, நான் சொன்ன நாலு பாம்புகளுக்கும் சேர்த்து.

மடு மாதா கோயில் மண்ணைப் பலர் பாம்புக்குக் காவலாக வீட்டில் வைத்திருக்கிறார்கள். இடப்பெயர்வில் ஒரு சிறு முடிச்சு மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்த தாய்மாரை நான் அறிவேன். அந்த விசுவாசத்தில் கைவைக்க எனக்கு மனமில்லை. மண்ணைப் பூசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதா அதைத் தடுக்கமாட்டா. ஏதேன் தோட்டத்துப் பாம்பைக் காரணம் காட்டி, பாம்பை அடிப்பது வேதக்காரனின் கடமை என்று என்னிடம் வாதாடியவர்களும் உண்டு. அதே ஆதியாகமத்தில், முதலாம் அதிகாரத்தில், பாம்பையும் சேர்த்துத் தரையில் ஊரும் எல்லாவற்றையும் படைத்தவர் அது நல்லது என்று கண்டதாக எழுதப்பட்டிருக்கிறது. புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்குகிற எங்கள் சைவ அயலவர்கள் நாகத்தைக் கண்டால் வழிவிட்டு நிற்பார்கள். அந்தப் பொறுமையைப் பார்த்து நாங்களும் பழகலாம்.

சாரைப்பாம்பைக் கொல்வது மாத்திரம் எனக்கு விளங்குவதே இல்லை. நெல்லை மூட்டையாய்க் கட்டி வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். எலி வந்து அரைவாசியைக் கொட்டிப் போகிறது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் சனங்கள் செத்தார்கள். எலிப் பொறிக்குக் காசு, எலி மருந்துக்குக் காசு. மருந்து தின்ற எலியைத் தின்று வீட்டு நாயும் சாகும். பொந்துக்குள் புகுந்து எலியைக் குட்டியோடு பிடிக்கிற பிராணி காசு கேட்காமல் வேலியோரம் போகிறது, அதை நாலு பேர் சேர்ந்து பொல்லால் அடிக்கிறோம். சாரை நாகத்தோடு இணையும் என்ற கதையும் இதற்கு ஒரு காரணம். இணைவதும் இல்லை. பின்னிப் பிணைந்து எழும்பி நிற்பவை பெரும்பாலும் ஒன்றையொன்று மல்லுக்கட்டி விழுத்தப் பார்க்கிற இரண்டு ஆண் சாரைகள்.

இதற்கெல்லாம் பிள்ளைக்கு எங்கே நேரம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் இருக்கிறது, ரியூஷன் இருக்கிறது என்று தகப்பன்மார் சொல்வார்கள். ரியூஷனுக்கு நான் எதிரியல்ல. ஆனால் பிள்ளை கைத்தொலைபேசியில் ஆபிரிக்கச் சிங்கத்தையும் அமேசன் அனக்கொண்டாவையும் பார்க்க நேரம் இருக்கிறது, கிணற்றடித் தவளையைப் பார்க்கத்தான் நேரமில்லை என்றால் அந்தக் கணக்கை நான் ஏற்கமாட்டேன். எங்கள் நாட்டுப் பாம்புகளைப் பற்றி பிராங்க் வோல் 1921 இல் பெரிய புத்தகம் எழுதினார். கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த தெரணியகல 1950களில் வர்ணப் படங்களோடு எழுதினார். இரண்டும் ஆங்கிலத்தில். பாம்புக் கடிக்கு அதிகம் ஆளாகிற வயற்காரனின் பிள்ளைக்கு அவை எட்டாது. அந்தப் பிள்ளைக்கு எட்டக்கூடிய புத்தகம் வீட்டில் பாக்கு இடித்துக்கொண்டு இருக்கிறது, அம்மம்மா என்றும் அப்பு என்றும் பெயர். எழுபது வயதைத் தாண்டியவர்கள் வளவோடு வளர்ந்த கடைசித் தலைமுறை. அவர்கள் போகமுன் கேட்டு எழுதிவைக்கவேண்டும்.

சில கிராமங்களில் பிள்ளைகளுக்கு நாற்பது பக்கக் கொப்பி ஒன்று கொடுத்து இதைத் தொடங்கியிருக்கிறோம். கண்ட பிராணி, கண்ட நாள், இடம், மழையா வெயிலா, வீட்டில் பெரியவர் சொன்ன பெயர், அவர் சொன்ன கதை. கதை பொய்யாக இருந்தாலும் எழுதட்டும், அதுவும் ஊரின் சொத்து. மன்னாரில் ஒரு பெயர், முல்லைத்தீவில் ஒரு பெயர், புத்தளத்தில் வளர்ந்து திரும்பிய முஸ்லிம் பிள்ளை சிங்களத்தில் ஒரு பெயர் சொல்லும். கபரக்கொய்யா என்ற சொல் எங்களுக்கு அப்படி வந்ததுதான். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் கொப்பியில் ஒரே மாரியில் ஏழு வகைத் தவளை எழுதியிருந்தாள். அவற்றில் இரண்டு ஒரே தவளை, ஆணும் பெண்ணும் என்று எனக்குப் படுகிறது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வரும் மாரியில் பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

கொப்பி வேண்டிய பங்குகளும் முன்பள்ளிகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் அனுப்பிவைப்போம். டோர்ச்சும் சப்பாத்தும் நீங்கள்தான் தேடிக்கொள்ளவேண்டும். முதல் மழைக்கு முன்னர் தேடிவைத்தால் நல்லது.